நூற்றுக்கு ஒரு சரிவு

பல ஆண்டுகள் உழைத்த ஒரு பழைய ஆயில் எஞ்சினில் சீராக 'டக் டக்' என்று சத்தம் கிளம்பினால், முதல் சந்தேகம் கனெக்டிங் ராடின் பேரிங் மீதுதான் விழும். எஞ்சினைப் பிரித்துப் பேரிங்கை மாற்றி மறுபடி பூட்டி ஓட்டினாலும் சில சமயம் அதே சத்தம் கேட்கும். அப்படியானால் கோளாறு உள்ளே இல்லை. வெளியே எல்லார் கண்ணிலும் படும்படி சுழன்றுகொண்டிருக்கும் ஃபிளைவீலின் நடுவில் இருக்கிறது. ஃபிளைவீலையும் கிராங்க் ஷாஃப்டையும் பிணைக்கும் விரல் பருமனுள்ள எஃகுத் துண்டு, பட்டறையில் 'கீ' என்று சொல்லப்படுவது, பிடி விட்டிருக்கிறது. உடனே அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் வாங்கிய புதுக் கீயை அடித்து ஏற்றுகிறார்கள். கொஞ்ச நாள் சத்தம் அடங்குகிறது, பிறகு திரும்ப வருகிறது. இந்தத் தோல்விக்குக் காரணம் கீயின் தரமோ அடித்தவரின் கைவலுவோ அல்ல, கீயின் வேலை என்ன என்பதைப் பற்றிய தவறான எண்ணம்தான் என்பது என் வாதம். ஃபிளைவீல் வழுக்காமல் குறுக்கே நின்று தடுக்கும் முளை என்று கீயை நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் ஆப்பு. ஷாஃப்டையும் ஃபிளைவீலின் நடுக்குடத்தையும் ஒன்றோடொன்று நெருக்கி, இம்மியளவு ஆட்டமும் இல்லாமல் செய்வதே அதன் வேலை. ஆகவே கீயை மாற்றுவது என்றால் அந்த நெருக்கத்தை மறுபடி உண்டாக்குவது. அதைக் கடையில் வாங்க முடியாது.

ஒரு குறிப்பிட்ட எஞ்சினை எடுத்துக்கொண்டு பேசினால் இது தெளிவாகும். இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் டர்ஸ்லி என்ற சிற்றூரில் ராபர்ட் ஆஷ்டன் லிஸ்டர் 1867இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 1930களில் 'சி.எஸ்.' என்ற டீசல் எஞ்சின் வரிசையை உலகெங்கும் அனுப்பியது. 'கோல்ட் ஸ்டார்ட்' என்பதன் சுருக்கம் அது. விளக்கு வைத்துச் சூடேற்றாமல், குளிர்ந்த நிலையிலேயே கையால் சுற்றிக் கிளப்பலாம். பெயர்பெற்ற ஒற்றைச் சிலிண்டர் வகை நிமிடத்துக்கு 650 சுற்றில் 6 குதிரைத்திறன் கொடுத்தது. சிலிண்டர் விட்டம் 4.5 அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் 5.5 அங்குலம், ஃபிளைவீல் உட்காரும் ஷாஃப்டின் விட்டம் 2 அங்குலம். எஞ்சினின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ 60 செ.மீ. விட்டத்தில் வார்ப்பிரும்பு ஃபிளைவீல். இதே வடிவத்தை ராஜ்கோட் பட்டறைகள் பல பத்தாண்டுகள் வார்த்து விற்றதால், இந்தியாவில் தண்ணீர் இறைக்கவும் மாவரைக்கவும் இந்தச் சாதி எஞ்சின்கள் ஏராளமாக உழைத்திருக்கின்றன. இதைவிட எளிதாகப் புரிந்துகொள்ளக்கூடிய எஞ்சின் கிடைப்பது அரிது. எல்லாமே பெரிதாக, மெதுவாக, கண்ணெதிரே நடக்கும்.

6 குதிரைத்திறன் என்பது சுமார் 4,500 வாட். 650 சுற்றில் இதைக் கொடுக்க ஷாஃப்டில் வேண்டிய சராசரி முறுக்கு 66 நியூட்டன் மீட்டர்தான். இரண்டு அங்குல ஷாஃப்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் சராசரி என்பது ஏமாற்றும் எண். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் எரிகிறது. மற்ற மூன்று வீச்சுகளிலும் எஞ்சின் உழைப்பதில்லை, உழைப்பைச் செலவழிக்கிறது. எரியும் தருணத்தில் சிலிண்டருக்குள் காற்றழுத்தத்தைப் போல 50 மடங்கு அழுத்தம் எழுவதாக வைத்துக்கொண்டால், பிஸ்டன் மீது 5 டன் எடைக்கு நிகரான விசை விழும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது கிராங்கும் ராடும் ஒரே கோட்டில் நிற்பதால் அந்த விசை ஷாஃப்டைத் திருப்பாது. கிராங்க் இன்னும் 20, 25 பாகை கடந்ததும் அழுத்தம் சற்றுத் தணிந்திருந்தாலும் முறுக்கு 1,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். சராசரியைவிடப் பதினைந்து மடங்கு அது. அதற்கு முந்தைய வீச்சில் நிலைமை தலைகீழ். காற்றை அமுக்குவதற்காகப் பிஸ்டனை மேலே தள்ளும் வேலையை ஃபிளைவீல்தான் செய்கிறது. அப்போது எதிர்த்திசையில் சுமார் 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு ஷாஃப்டில் ஏறுகிறது. எரியும்போது ஷாஃப்ட் ஃபிளைவீலை இழுக்கிறது, அமுக்கும்போது ஃபிளைவீல் ஷாஃப்டை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது கீ. நிமிடத்துக்கு 325 முறை இந்தத் திசை மாற்றம் நடக்கிறது. 8 மணி நேரம் தண்ணீர் இறைத்தால் 1,56,000 முறை.

கீ முறியாமல் தாங்குமா என்பதை முதலில் பார்ப்போம். கணக்குக்காகக் கீயின் அகலம் 12 மி.மீ., குடத்துக்குள் இருக்கும் நீளம் 75 மி.மீ. என்று கொள்ளலாம். ஷாஃப்டின் மேற்பரப்பு மட்டத்தில் அதைக் கத்தரிக்க வேண்டுமானால் 900 சதுர மி.மீ. எஃகை அறுக்க வேண்டும். சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன் என்று குறைத்து மதிப்பிட்டாலும் 2,25,000 நியூட்டன் விசை தேவை. முறுக்காகச் சொன்னால் 5,700 நியூட்டன் மீட்டர். எரியும்போது எழும் 1,000ஐ இரண்டு ஃபிளைவீல்களும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்வதால், ஒரு கீயின் பங்கு 500தான். வேண்டியதைப் போல 11 மடங்கு வலு கீயில் இருக்கிறது. இந்தக் கணக்கு சொல்லும் செய்தி முக்கியமானது. கீயைக் குறுக்கே நிற்கும் முளையாக மட்டும் பார்த்தால் அது கெட்டுப்போகவே வழியில்லை. இருந்தும் கீக்கள் தளர்கின்றன, பக்கவாட்டில் நசுங்குகின்றன, ஷாஃப்டில் வெட்டிய பள்ளத்தின் ஓரங்கள் மழுங்கிப்போகின்றன. ஆகவே கோளாறு வலுக்குறைவால் வருவதில்லை. இன்னும் கெட்டியான எஃகில் கீ செய்து போட்டால் சரியாகிவிடும் என்று நம்புவோர் இந்த எண்ணை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

கெடுப்பது ஆட்டம். பள்ளத்துக்குள் கீ பத்தில் ஒரு மி.மீ. அசைய இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத அளவு அது. ஆனால் முறுக்கின் திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட் அந்த இடைவெளியைத் தனியாகக் கடந்துபோய் எதிர்ச் சுவரில் மோதும். இரு பக்கக் கீக்களும் தளர்ந்திருந்தால், 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு அந்தச் சிறு தொலைவில் ஷாஃப்டுக்கு ஊட்டும் ஆற்றல் சுமார் இரண்டரை ஜூல். அரைக் கிலோ சுத்தியலை அரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் விழும் அடி அது. அந்த அடி சில நூறில் ஒரு பங்கு மி.மீ. தொலைவுக்குள் அடங்கியாக வேண்டும் என்பதால், மோதும் கணத்தில் எழும் விசை அமைதியான சுமையைப் போலப் பல மடங்காகிறது. அப்படி நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான அடிகள். அடிபட்ட ஓரம் நசுங்கி, இடைவெளி இன்னும் அகலமாகி, அடுத்த அடி இன்னும் பலமாக விழுகிறது. அதனால்தான் தளர்ந்த கீ தானாக ஒருபோதும் சரியாவதில்லை, ஒவ்வொரு மணி நேரமும் மோசமாகவே போகும். கையில் கருவி எதுவும் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நின்றிருக்கும் எஞ்சினில் ஒரு விரல் நுனியை ஷாஃப்டும் குடமும் சேரும் விளிம்பின் மேல், இரண்டையும் தொடும்படி வைத்து, ஃபிளைவீலைக் கம்ப்ரஷனுக்கு எதிராக மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால், இரண்டும் சேர்ந்து நகர்கின்றனவா, ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்கிறதா என்பது விரலுக்குத் தெரியும். நடுவில் பத்தில் ஒரு மி.மீ. ஆட்டம் வெளி விளிம்பில் ஒரு மி.மீ.க்கு மேல் காட்டும். இன்னோர் அடையாளம், கீ நுழையும் வாயில் கசியும் செம்பழுப்புக் குழம்பு. இரும்பும் இரும்பும் நுண்ணிதாக உரசும்போது உதிரும் துகள் காற்றில் துருவாகி எண்ணெயோடு கலந்து வெளியே வருவது அது. எஞ்சின் மழையில் நனையாமல் கொட்டகைக்குள்ளேயே இருந்து, அந்த ஓர் இடத்தில் மட்டும் துரு கசிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்த ஆட்டத்தைக் கீ எப்படி இல்லாமல் செய்கிறது? கீயின் அடிப்பக்கமும் இரண்டு விலாவும் நேரானவை. மேல்பக்கம் மட்டும் 100க்கு 1 என்ற அளவில் சரிகிறது. குடத்தில் வெட்டிய பள்ளத்தின் கூரையும் அதே சரிவில் இருக்கும். கீயை உள்ளே அடிக்க அடிக்க, ஷாஃப்ட் ஒரு பக்கமும் குடம் எதிர்ப்பக்கமும் நெருக்கப்படுகின்றன. இரண்டு கிலோ சுத்தியல் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் விழுந்து, கடைசி அடியில் கீ 1 மி.மீ. முன்னேறினால், அந்த அடியின் சராசரி விசை 25,000 நியூட்டன். மேலும் கீழும் உராய்வுக் கெழு 0.15 என்று கொண்டால், கீயை அழுத்தி நிற்கும் விசை அதைப் போல மூன்று மடங்குக்கு மேல், சுமார் 80,000 நியூட்டன். சுத்தியல் போன பிறகும் இந்த அழுத்தம் அங்கேயே தங்கிவிடுகிறது. ஏனென்றால் 100க்கு 1 என்ற சரிவின் கோணம் அரைப் பாகையைச் சற்றே தாண்டுகிறது, உராய்வோ எட்டரைப் பாகைச் சரிவு வரை வழுக்க விடாது. அந்த 80,000 நியூட்டன் அழுத்தத்தில் கீயின் பக்கத்தில் ஓர் உராய்வும், நேர் எதிரே ஷாஃப்ட் குடத்தோடு ஒட்டும் இடத்தில் ஓர் உராய்வும் சேர்ந்து 600 நியூட்டன் மீட்டர் முறுக்கை வழுக்காமல் தாங்கும். ஒரு ஃபிளைவீலுக்கு வேண்டியது 500. அதாவது சரியாகப் பொருந்திய கீயின் விலாக்களுக்கு வேலையே வருவதில்லை. முறுக்கு முழுவதும் உராய்வாலேயே கடத்தப்படுகிறது, எதுவும் அசைவதில்லை, அசையாத இடத்தில் அடியும் இல்லை. விலாக்கள் இரண்டாவது காவல். அவையும் பள்ளத்தில் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதல் காவல் அந்த அழுத்தம்தான்.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 80,000 நியூட்டனும் கீயின் 75 மி.மீ. நீளம் முழுவதும் பரவியிருந்தால், சதுர மி.மீ.க்கு 90 நியூட்டன்கூட வராது. எஃகு அதைச் சுலபமாகத் தாங்கும். கடையில் வாங்கிய கீயின் சரிவு, குடத்தின் சரிவோடு துளி மாறுபட்டாலும் கீ ஒரு முனையில் மட்டுமே தொடும். தொடும் நீளம் 10 மி.மீ. என்றால் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 650 நியூட்டனைத் தாண்டும். சாதாரணக் கீ எஃகு அதற்கு வெகு முன்பே நசுங்கத் தொடங்கிவிடும். சுத்தியலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு கீயும் ஒரே மாதிரி 'ணங்' என்று இறுகி நிற்கும். முழு நீளமும் தொடும் கீ அப்படியே இருக்கும். ஒரு முனையில் தொடுவது சில மணி நேர ஓட்டத்தில் நசுங்கி, நசுங்கிய அளவுக்கு அழுத்தத்தை இழந்து, மறுபடி ஆடத் தொடங்கும். புதுக் கீ போட்டும் சத்தம் திரும்ப வரும் புதிருக்கு விடை இதுதான். ஒரு முனையில் மட்டும் நெருக்குவதால் இன்னொரு கெடுதலும் உண்டு. குடம் ஷாஃப்டின் மீது சற்றுச் சாய்ந்து உட்காரும். 75 மி.மீ. குடத்தில் பத்தில் ஒரு மி.மீ. சாய்வு, 30 செ.மீ. தள்ளியிருக்கும் விளிம்பில் இரு பக்கமும் சேர்ந்து முக்கால் மி.மீ.க்கு மேல் தள்ளாட்டமாகத் தெரியும்.

ஆகவே புதுக் கீயைக் கொஞ்சம் பருமனாகவே செய்துகொண்டு, அரத்தால் ராவி ராவி அந்த ஒரு பள்ளத்துக்கென்றே பொருத்த வேண்டும். முதலில் அகலம். ஷாஃப்டின் பள்ளத்திலும் குடத்தின் பள்ளத்திலும் தனித்தனியே வைத்துப் பார்த்து, கையால் அழுத்தினால் நகரும், ஆனால் பக்கவாட்டில் அசையாது என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மேல்பக்கம். மார்க்கிங் நீலத்தைச் சரிவு முழுவதும் மெல்லிசாகத் தடவி, கீயை உள்ளே செலுத்தி லேசாக ஒரு தட்டுத் தட்டி வெளியே எடுத்தால், எங்கே தொட்டதோ அங்கே நீலம் கலைந்து எஃகு பளிச்சென்று தெரியும். அந்த இடத்தை மட்டும் மென்மையான அரத்தால் ஓரிரு முறை இழுத்துவிட்டு மறுபடி நீலம். இந்தப் பொறுமையான வேலையில் 100க்கு 1 என்ற சரிவு ஃபிட்டருக்குக் கொடுக்கும் ஒரு வசதியை எத்தனை வியந்தாலும் தகும். கீயின் பருமனில் நூறில் ஒரு மி.மீ. குறைந்தால், கீ 1 மி.மீ. கூடுதலாக உள்ளே போகும். பத்தில் ஒரு மி.மீ. குறைந்தால் 10 மி.மீ. போகும். மைக்ரோமீட்டர் இல்லாத பட்டறையிலும், கீயின் வெளிமுனையில் உள்ள பருத்த தலைக்கும் குடத்துக்கும் இடையே உள்ள தூரத்தைச் சாதாரண ஸ்கேலால் அளந்தே நூறில் ஒரு மி.மீ. வரை கணக்குச் சொல்லிவிடலாம். கீயே தன்னை அளக்கும் கருவியாகிறது. தொட்ட தடம் முன் முனையிலிருந்து பின் முனை வரை, மேலும் கீழும், திட்டுத்திட்டாக ஆனால் சீராகப் பரவிய பிறகுதான் பெரிய சுத்தியலைக் கையில் எடுக்க வேண்டும். அந்த நிலையில் தலைக்கும் குடத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி மிச்சம் இருக்கும்படி திட்டமிடுவது அவசியம். தலை குடத்தில் முட்டிவிட்டால், கீ இறுகியதா அல்லது தலைதான் தடுத்து நிற்கிறதா என்பது யாருக்கும் தெரியாது.

பழைய கீயை வெளியே எடுப்பதுதான் மெய்யான சோதனை என்று அனுபவசாலிகள் சொல்வதற்கும் இதே கணக்குதான் காரணம். உள்ளே அடிக்கும்போது இரண்டு பக்க உராய்வோடு சரிவையும் வெல்ல வேண்டும். வெளியே இழுக்கும்போது சரிவு நமக்கு உதவும், உராய்வு அப்படியே எதிர்க்கும். மேலே எடுத்த எண்களின்படி ஏற்றுவதற்கு 31 பங்கு விசை என்றால், இறக்குவதற்கு 29 பங்கு. ஆப்புதானே, தட்டினால் வந்துவிடும் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது. பல ஆண்டுத் துரு உராய்வை இன்னும் கூட்டியிருக்கும். அந்த விசையைக் கொடுக்க நமக்குக் கிடைப்பதோ தலையின் உட்பக்கம் மட்டும். அங்கே ஒரே பக்கத்தில் உளியை நுழைத்து அடித்தால் தலை வளைந்து முறியும். பழைய எஞ்சின்களில் தலையில்லாக் கீக்கள் இத்தனை காணப்படுவது அதனால்தான். எதிரெதிர்ச் சரிவுள்ள இரண்டு ஆப்புகளைத் தலைக்குப் பின்னால் இரு புறமிருந்தும் நுழைத்து மாறிமாறி அடித்தால் இழுப்பு நேராக விழும், தலை பிழைக்கும். அதற்கு முன் சில நாட்கள் துரு இளக்கும் எண்ணெயில் ஊறவிட்டு, குடத்தை மட்டும் மிதமாகச் சூடேற்றினால் குடம் விரிந்து பிடி குறையும். ஷாஃப்டும் கூடவே சூடாகும்வரை காட்டிக்கொண்டிருந்தால் பயன் போய்விடும். தலை ஏற்கெனவே போயிருந்தால், கீயின் நடுவில் துளையிட்டு அதன் வலுவைக் குறைத்து எடுப்பதே வழி. கீ கழன்ற நொடியில் ஃபிளைவீலைப் பிடித்திருக்க வேறெதுவும் இல்லை என்பதை நினைவில் வைத்து, அடியில் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது இது: கீ மென்மையாக இருப்பது நல்லதல்லவா, ஏதாவது சிக்கினால் கீ முறிந்து விலையுயர்ந்த ஷாஃப்டைக் காப்பாற்றட்டுமே? புல்வெட்டும் சிறு எஞ்சின்களைப் பார்த்தவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றும். அங்கே ஃபிளைவீல் கீ வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில்தான் செய்யப்படுகிறது. ஆனால் அங்கே ஃபிளைவீலைப் பிடித்திருப்பது கீ அல்ல. ஷாஃப்டின் முனையே கூம்பாகக் கடையப்பட்டு, நட்டால் இறுக்கப்பட்ட கூம்புப் பிடிப்புதான் முறுக்கைத் தாங்குகிறது. பொறி விழும் நேரம் மாறாதபடி ஃபிளைவீலைச் சரியான கோணத்தில் நிறுத்துவதே அந்தக் கீயின் வேலை. வெட்டும் அலகு கல்லில் மோதிக் கீ முறிந்தால் நேரம் தவறி எஞ்சின் நின்றுவிடும், அவ்வளவுதான். நாம் பேசும் எஞ்சினில் ஷாஃப்ட் நேரானது, நட்டு இல்லை, கீ மட்டுமே எல்லாம். 100 கிலோ ஃபிளைவீல் ஒன்றை 650 சுற்றில் எண்ணிப் பாருங்கள். அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் ஒரு டன் எடையை ஒரு மீட்டருக்கு மேல் தூக்கப் போதும். அதைக் கைவிட்டு ஷாஃப்டைக் காப்பாற்றுவது யாரையும் காப்பாற்றும் வழி அல்ல.

இறுக்கம்தான் முக்கியம் என்றால் சம்மட்டியால் அடித்துவிடலாமே என்பது எதிர்த்திசையிலிருந்து வரும் கேள்வி. இதற்கு வார்ப்பிரும்பின் குணமே பதில். அமுக்கினால் பிரமாதமாகத் தாங்கும் வார்ப்பிரும்பு, இழுத்தால் சுலபமாக விரிசல் விடும். கீயின் அழுத்தம் குடத்தை இரண்டாகப் பிளக்கவே பார்க்கிறது. 30 மி.மீ. கனமுள்ள குடச்சுவரில் 80,000 நியூட்டன் உண்டாக்கும் சராசரி இழுவை சதுர மி.மீ.க்கு 18 நியூட்டன்தான். ஆனால் பள்ளத்தின் கூர்மூலைகளில் அது பல மடங்காகக் குவியும். நான்கு மடங்கு பலமாக அடித்தால் மூலையில் வார்ப்பிரும்பின் தாங்கும் எல்லையையே கடந்துவிடலாம். பழைய ஃபிளைவீல் குடங்களில் கீப் பள்ளத்தின் மூலையிலிருந்து கிளம்பும் மெல்லிய விரிசல்கள் பெரும்பாலும் இப்படி வந்தவை. ஷாஃப்டும் தப்பாது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எச். எஃப். மூர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாஃப்டுகளைச் சோதித்து, பள்ளம் எவ்வளவு வலுவைக் குறைக்கிறது என்று ஒரு சூத்திரம் தந்தார். விட்டத்தில் கால் பங்கு அகலமும் எட்டில் ஒரு பங்கு ஆழமும் உள்ள பள்ளத்துக்கு அதன்படி மிஞ்சும் வலு 81 சதவீதம். ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கை இழந்த ஷாஃப்டில், பள்ளத்தின் மூலைகளைக் கீயின் கூரான விளிம்பால் மேலும் கீறிவிடக் கூடாது. அதனால்தான் நல்ல ஃபிட்டர் கீயின் நான்கு நீள விளிம்புகளையும் லேசாக மழுக்கிவிடுவார். முழுத் தொடுகை இருந்தால் மிதமான அடியே போதும் என்று முன்பு போட்ட கணக்கு காட்டுகிறது. சம்மட்டி தேவைப்படுகிறது என்றால் தொடுகையில் குறை இருக்கிறது என்றே பொருள்.

பட்டறையில் வழங்கும் குறுக்கு வழிகள் மூன்று: தகடு செருகுதல், உலோகப் பசை, வெல்டிங். மெல்லிய தகடு ஒன்றைக் கீயோடு சேர்த்து அடிப்பது உயரக் குறைவை ஈடுசெய்யலாம், சரிவின் பொருத்தமின்மையை ஈடுசெய்யாது. அசையும் பரப்புகளும் ஒன்றுக்கு இரண்டாகின்றன. பசையை நான் முற்றாக ஒதுக்கவில்லை. சுத்தமான, சீரான, மெல்லிய இடைவெளியில் அது மெய்யாகவே நன்றாகப் பிடிக்கும். ஆனால் பல பத்தாண்டு எண்ணெய் குடித்த பழைய வார்ப்பிரும்பில் சுத்தமும் இல்லை, அடிபட்டு ஒழுங்கற்றுப்போன பள்ளத்தில் சீரும் இல்லை. பொருத்தமான கீக்குத் துணையாக அதைப் பயன்படுத்தலாம், மாற்றாக அல்ல. வெல்டிங் வைப்பதை மட்டும் எந்த நிலையிலும் ஏற்க முடியாது. முன்சூடும் மெதுவாக ஆறவிடுவதும் இல்லாமல் வார்ப்பிரும்பில் போட்ட வெல்டின் பக்கத்தில் கண்ணாடி போல் நொறுங்கும் அடுக்கு உருவாகிறது. அடுத்த முறை ஃபிளைவீலைக் கழற்ற வேண்டியவர் குடத்தையே இழக்க நேரிடும்.

இத்தனை தொல்லை தரும் அமைப்பை அந்தக் காலத்துப் பொறியாளர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கலாம். சதுரமான இரும்பு ஷாஃப்டில் பெரிய சக்கரங்களைச் சுற்றிலும் ஆப்புகள் அடித்து நிறுத்திய பழைய ஆலைத் தச்சர்களின் வழக்கத்தின் தொடர்ச்சி இது என்பது பாதி விடை. மறுபாதி, அதன் நேர்மையான சிக்கனம். கூம்பாகக் கடைய வேண்டிய ஷாஃப்டோ ஹைட்ராலிக் பிரஸ்ஸோ தேவையில்லை. நேரான தண்டு, நேரான துளை, இரண்டு பள்ளங்கள். தொழிற்சாலையிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி ஒரு தோட்டத்தில் நிற்கும் எஞ்சினை, அரமும் சுத்தியலும் உள்ள எவரும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இந்த அமைப்பின் குறை, பொருத்துபவரின் கைத்திறனை நம்பியிருப்பது. அதன் சிறப்பும் அதேதான்.

பள்ளங்களே சிதைந்திருந்தால் கீயை மட்டும் பேசிப் பயனில்லை. ஷாஃப்டில் ஓர் அகலமும் குடத்தில் வேறோர் அகலமுமாகப் பள்ளங்களைச் சீராக்கிவிட்டு, கீழே குறுகலும் மேலே அகலமுமாகப் படி வைத்த கீயைச் செய்து போடலாம். சேதம் அதற்கும் மேல் போயிருந்தால் குடத்தில் வேறொரு இடத்தில் புதுப் பள்ளம் வெட்டுவார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பல எஞ்சின்களில் கிராங்கின் எடையைச் சமன் செய்யும் கனம் ஃபிளைவீலிலேயே, கிராங்க் முளைக்கு நேர் எதிரே வரும்படி வார்க்கப்பட்டிருக்கும். குடத்தில் கால் சுற்றுத் தள்ளிப் புதுப் பள்ளம் வெட்டிவிட்டு ஷாஃப்டின் பழைய பள்ளத்திலேயே கீயைப் போட்டால், அந்தக் கனமும் கால் சுற்றுத் தள்ளிப்போய் எஞ்சின் அடித்தளத்தையே உலுக்கும். ஷாஃப்டிலும் அதே கோணத்துக்குத் தள்ளிப் பள்ளம் வெட்டினால்தான் கணக்கு நேராகும்.

புதுக் கீயை ஏற்றிய பிறகு, குடத்தின் முகத்திலிருந்து கீயின் தலை வரை உள்ள தூரத்தை அளந்து குறித்துவைக்க வேண்டும். சில மணி நேரம் சுமையோடு ஓட்டி நிறுத்திவிட்டு, முன்பு அடித்த அதே சுத்தியலால் மறுபடி அடித்துப் பார்த்தால், அரத்தின் கீறல் மேடுகள் நசுங்கிய அளவுக்குக் கீ சற்று முன்னேறும். 1 மி.மீ. போனால் நூறில் ஒரு மி.மீ. படிந்திருக்கிறது என்று பொருள். அது இயல்பு. அடுத்த முறையும் அதே அளவு போனால் தொடுகை போதவில்லை, கீயைக் கழற்றி மறுபடி நீலம் தடவ வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் முன் ஷாஃப்ட் முனையையும் கீயின் தலையையும் சேர்த்து மூடும் தகரக் கவசம் ஒன்றை நிலையாகப் பொருத்த வேண்டும். சுழலும் ஷாஃப்டில் துருத்தி நிற்கும் கீ வேட்டி நுனியையோ துண்டையோ பற்றினால், கையை இழுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்காது. சுழலும் ஷாஃப்டில் உள்ள ஒவ்வொரு கீயும் உள்ளடங்கியோ மூடப்பட்டோ இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 26ஆம் பிரிவு கட்டளையிட்டது. வயலில் ஓடும் எஞ்சினுக்கும் கண்காட்சியில் ஓடும் எஞ்சினுக்கும் அந்தச் சட்டம் எட்டாவிட்டாலும், ஷாஃப்ட் சுழலும் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.